எழுத்து இல்லாத வாழ்க்கைக்கு எழுத வேண்டியவை: கொழும்பில் ஒருபால் இணையருக்கான வழிகாட்டி

கொழும்பில் தமிழர் கலியாணங்களுக்குப் போய்வருகிறவர்கள் இந்தக் காட்சியை அறிவார்கள். மணவறையில் குருக்கள் ஓமம் வளர்த்து, சபையோர் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகத் தாலியைத் தட்டில் வைத்து அனுப்பிக்கொண்டிருப்பார். மண்டபத்தின் ஓரத்தில், வெள்ளை விரிப்புப் போட்ட சிறு மேசைக்குப் பின்னால், விவாகப் பதிவாளர் தமது பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். சில வீடுகளில் அந்தக் கையொப்பம் மாதக்கணக்கில் முன்னதாகவே முடிந்திருக்கும். அதற்கு நம்மிடையே "எழுத்து" என்றே பெயர். "பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது, கலியாணம் தையில" என்று நாம் பேசும்போது, எழுத்து அரசின் காரியம், தாலி சமயத்தின் காரியம், வந்து வாழ்த்துவது சுற்றத்தின் காரியம் என்ற பிரிவினையை அறியாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். ஒருபால் திருமணம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் மட்டும் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

நான் புதுக்கடையில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் காணி, வீட்டு உறுதிகளை எழுதும் வேலை செய்கிறவள். கொழும்பில் ஒன்றாக வாழும் இரண்டு ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் அரசின் எழுத்து இன்று கிடைக்காது. அது கிடைக்காத நிலையில் எவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம், சமயத்தலைவர் ஒருவரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பவற்றைத் தெரிந்துகொண்டு ஒரு சட்டத்தரணியின் படியேற இது உதவ வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

என் சித்தப்பா 1998இல் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றை வாங்கினார். பணத்தில் பாதி அவருடன் வாழ்ந்த நண்பருடையது. நாங்கள் பிள்ளைகள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். உறுதி சித்தப்பாவின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது, ஏனென்றால் இருவரின் பெயரையும் போட்டால் கேள்வி வரும் என்று இருவரும் பயந்தார்கள். 2016இல் சித்தப்பா மாரடைப்பால் இறந்தபோது மரணசாசனம் (உயில்) எதுவும் இருக்கவில்லை. கலியாணமாகாதவர், பெற்றோர் இல்லாதவர் என்பதால் வீடு சகோதரர்களுக்குப் போயிற்று. பதினெட்டு ஆண்டுகள் அந்தக் குசினியில் சமைத்த மனிதர் இரண்டு பயணப்பெட்டிகளோடும் சுவாமி அறையிலிருந்த ஒரு முருகன் படத்தோடும் வெளியேறினார். படத்தைக்கூட என் அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்தார். அன்றைக்கு நான் ஏற்கெனவே நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சட்டம் நிற்கும் இடம்

இலங்கையின் பொதுத் திருமணங்கள் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டமும், முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இவை எல்லாமே கணவன், மனைவி என்றே பேசுகின்றன. திருமணத்துக்குக் கீழ்ப்பட்ட சிவில் இணைவு என்ற ஏற்பாடும் இங்கே கிடையாது.

இதற்கு மேல், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. அதன் 365ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உடலுறவைப் பத்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமாக்குகிறது. "பாரதூரமான அநாகரிகச் செயலை"த் தண்டிக்கும் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் திருத்தியபோது அதை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களைக் காப்பதால், இவை அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகவே இருக்கின்றன. ஆனாலும் நிலம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் 365அ பிரிவின் கீழான ஒரு வழக்கில் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தபோதிலும், வயது வந்தவர்களின் சம்மதத்துடன் நடந்தது என்பதைக் கருத்திற்கொண்டு சிறைத்தண்டனையை ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக மாற்றியது. 2022இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, ரொசானா ஃபிளேமர் கல்டேரா தொடுத்த முறைப்பாட்டில் இலங்கை அவரது உரிமைகளை மீறியுள்ளது என்று தீர்மானித்தது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தக் குற்றத்தை நீக்குவதற்காக முன்வைத்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் கூறியது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே போனது.

இவற்றிலிருந்து ஒரு நடைமுறைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனைச் சட்டம் ஒரு செயலைக் குறிவைக்கிறது. இருவர் ஒரே வீட்டில் வசிப்பதையோ, சேர்ந்து காணி வாங்குவதையோ, ஒருவர் மற்றவருக்குச் சொத்தை எழுதிவைப்பதையோ அது தொடவில்லை. ஆகவே உங்கள் ஆவணங்களில் சொத்தும் பணமும் பொறுப்பும் பேசட்டும், உறவைப் பற்றிய வருணனை வேண்டாம். "நாங்கள் இணையராக வாழ்வதால்" என்று தொடங்கும் ஒப்பந்தத்தைச் சட்டத்துக்கும் பொது ஒழுக்கத்துக்கும் மாறானது என்று நாளைக்கு ஓர் எதிர்த்தரப்பு தாக்கலாம். "இந்த வீட்டின் கொள்விலையில் இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு செலுத்தினார்கள்" என்று எழுதிய ஒப்பந்தத்தைத் தாக்குவது கடினம். உறவைக் காகிதத்தில் மறைப்பது மனதை வருத்தும் காரியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தின் வேலை உங்களைக் காப்பது.

மரணசாசனம்

எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் செய்யுங்கள். இலங்கையில் 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மரணசாசனம் எழுதுகிறவருக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ கட்டாயப் பங்கு வைக்க வேண்டும் என்ற விதி பொதுச் சட்டத்தில் இல்லை. எனவே அரசு உங்களைத் தம்பதியராக ஏற்காவிட்டாலும், உங்கள் துணைக்கு முழுவதையும் எழுதிவைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க நீங்கள் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசிடம் போவதையே நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் இழந்த மரணசாசனத்தின் பிரதி அவரிடம் இருக்கும், வழக்கு வந்தால் சாட்சி சொல்லவும் அவர் இருப்பார். உங்கள் துணை சாட்சியாக நிற்கக் கூடாது. சாட்சிக்கு எழுதிய கொடை செல்லாமல் போகும். மரணசாசனத்தை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று எண்ணி, முழுதும் புரியாத ஆவணத்தில் ஒப்பமிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு உறவினர் "அவருக்கு என்ன எழுதியிருக்குதெண்டே தெரியாது" என்று வாதாட அதுவே இடம் கொடுத்தது. நிறைவேற்றுநராகத் துணையையே நியமியுங்கள், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் இன்னொருவர் என்றும் சேருங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு சிறு நகையையோ தொகையையோ பெயர் சொல்லி எழுதிவைப்பது நல்லது. அவர்களை மறந்து எழுதினார், மனம் பேதலித்து எழுதினார் என்ற வாதத்துக்கு அது பதிலாகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் நடக்கும் திருமணம் முன்னைய மரணசாசனத்தை இல்லாமற் செய்துவிடும். வீட்டாரின் வற்புறுத்தலால், அம்மாவின் வருத்தத்தைப் பார்த்து, முப்பத்தைந்து வயதில் கழுத்தை நீட்டுகிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. அப்படி ஒரு எழுத்து நடந்த நாளில் இருந்து உங்கள் துணைக்கு எழுதிய மரணசாசனம் வெறும் காகிதம். அங்கே இன்னொரு மனிதரும் இருக்கிறார்: எதுவும் அறியாமல் மணமுடித்து வந்த அந்தப் பெண்ணோ ஆணோ. அவருக்குச் செய்யும் அநியாயத்தைத் தீர்க்க எந்த நொத்தாரிசாலும் முடியாது. அந்தத் திருமணத்தை மறுப்பதற்கான துணிவை எங்கிருந்தாவது தேடிக்கொள்ளுங்கள்.

முஸ்லிமாக இருப்பவர்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டமும் மத்ஹப் எனப்படும் இஸ்லாமியச் சட்ட மரபின் விதிகளும் குறுக்கிடுவதால், அந்தத் துறை அறிந்த சட்டத்தரணியிடமே போக வேண்டும்.

வீடும் காணியும்

இருவர் பெயரிலும் உறுதி எழுதிவிட்டால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுவதும் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இலங்கையில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு ஒன்று உண்டு. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசு, அதாவது உங்களோடு ஒருநாளும் பேசாத ஓர் அண்ணனோ அக்காவோ, 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, பிரிக்க முடியாத சொத்தை விற்கச் செய்யவும் முடியும். ஆகவே கூட்டு உறுதியும் இரண்டு மரணசாசனங்களும் ஒன்றாகச் செல்ல வேண்டும்: ஒவ்வொருவரும் தம் பங்கை மற்றவருக்கு எழுத வேண்டும்.

மரணசாசனத்துக்கு மாற்றாக, உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதி, சீவிய உருத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் அதே முறைதான். இருக்கும்வரை வீடு உங்களுடையது, கண்ணை மூடியதும் நீதிமன்றப் படியேறாமல் மற்றவருக்குச் சேரும். காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுவிடுவதால் உறவினர் மறுப்பதும் கடினம். குறையும் உண்டு: கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எளிதன்று. உறவு முறிந்தால் மரணசாசனத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், நன்கொடையை அப்படி மாற்ற முடியாது. ஐந்து வருடமாவது ஒன்றாக வாழாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு, கொழும்பில் பிறந்து வளர்ந்திருந்தாலும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்தக்கூடும். கலியாணமாகாதவர் தமது சொத்தை எழுதிக்கொடுக்க அது தடையாக இராது. ஆனால் வடக்கில் பங்குக் காணி இருந்து அதை விற்கப் போனால், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஊர்க்காணியின் பங்கை விற்று வெள்ளவத்தையில் வீடு வாங்க நினைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வாக்காளர் இடாப்பிலும் ஒரே முகவரியில் இருவரும் பதியுங்கள்.

வங்கி, வைத்தியசாலை, மரண வீடு

வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கும்போது, இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர் பணம் எடுக்கலாம் என்ற வகையைக் கேளுங்கள். அதே பணத்தை மரணசாசனத்திலும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் வாரிசுகள் வழக்காட இடமுண்டு. ஊழியர் சேமலாப நிதியத்திலும் காப்புறுதியிலும் பின்னுரித்தாளர் பெயரை நிரப்பாமல் விட்டிருந்தால் இந்த வாரமே நிரப்புங்கள். உறவு என்ற கட்டத்தில் "நண்பர்" என்று எழுதுவது உண்மையே.

ஒருவர் தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம், தந்தவர் உயிரோடு இருக்கும்வரைதான். வெளிநாடு போயிருக்கும் துணைக்காக வாடகை வாங்கவும் வங்கிக்குப் போகவும் அது உதவும். அவர் இறந்த கணத்தில் அதன் ஆயுளும் முடிந்துவிடும். மரணசாசனத்தின் வேலையை அது செய்யும் என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

வைத்தியசாலையில் அனுமதிக்கும்போதே, நோயாளி தாமாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கையில், தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் துணையின் பெயரைச் சொல்லி எழுதுவிக்க வேண்டும். அதற்கு முன்பாகவே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்வது நல்லது: "நான் பேச முடியாத நிலைக்கு வந்தால் என் உடல்நிலை பற்றி இன்னாரிடம் பேசலாம், அவர் என்னைப் பார்க்க வர வேண்டும் என்பது என் விருப்பம்." எல்லா வைத்தியரும் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வாட்டு வாசலில் "நீங்கள் ஆர்?" என்று கேட்கப்படும்போது, கையில் நீட்ட ஒரு முத்திரை குத்திய காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இறுதிக் கிரியை பற்றிய விருப்பத்தையும் மரணசாசனத்தோடு நிறுத்தாமல் தனிக் கடிதமாக எழுதுங்கள். மரணசாசனத்தைப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே திறப்பார்கள்; கனத்தை மயானத்தில் யார் கொள்ளி வைப்பது என்பதை மலர்ச்சாலையில் அன்று மாலையே தீர்மானித்துவிடுவார்கள்.

சமயத்தலைவரிடம் போகுமுன்

சமயத்தலைவரால் உங்களுக்குச் சட்ட உரிமை எதையும் தர முடியாது. அவர் ஆசீர்வதித்தாலும் காணிப் பதிவகத்தில் ஒரு வரியும் மாறாது. அதேபோல, அரசு நாளைக்கே எழுத்தைத் திறந்துவிட்டாலும், எந்தக் கோவிலையோ தேவாலயத்தையோ சடங்கு செய்ய வற்புறுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விரும்புகிற சமய அமைப்புகள் மட்டுமே ஒருபால் திருமணம் நடத்தலாம் என்று வைத்து, இங்கிலாந்துத் திருச்சபையை அதிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. டென்மார்க்கில் 2012இல் அரச திருச்சபையே கதவைத் திறந்தபோதும், தனி ஒரு குருவானவர் மறுக்கும் உரிமை காக்கப்பட்டது. "எங்கள் பூசகரைச் சிறையில் போடுவார்கள்" என்று அஞ்சுகிற பெரியவர்களிடம் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பயம் உண்மையானது, அதற்கு உண்மையான பதிலும் இருக்கிறது.

எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மன்றாட்டா, வீட்டுக்கு ஓர் ஆசீர்வாதமா, இல்லை முழுத் திருமணச் சடங்கா? மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் பெரும்பாலும் மூன்றும் மறுக்கப்படும். தனியாகச் சந்தியுங்கள், தொலைபேசியில் வேண்டாம், அவருடைய சபையாரோ பரிபாலன சபை உறுப்பினரோ பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். பேச்சை இரகசியமாக வைத்திருப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உடனே முழுவதையும் சொல்லாமல், "இப்படி ஒருவர் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று பொதுவாகத் தொடங்குவது கோழைத்தனம் ஆகாது, விவேகமாகும்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு திட்டமான எல்லை இருக்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட ஃபிடூசியா சுப்ளிக்கான்ஸ் என்ற அறிக்கை, ஒருபால் இணையர் ஆசீர் கேட்டு வந்தால் குருவானவர் வழிபாட்டு முறைக்கு வெளியே எளிமையாக ஆசீர்வதிக்கலாம் என்றது. அதே அறிக்கை, சிவில் இணைவுச் சடங்கோடு சேர்த்து அதைச் செய்யக் கூடாது, திருமணத்துக்குரிய உடையோ சைகையோ சொல்லோ இருக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. அடுத்த மாதம் வந்த விளக்கம், சில வினாடிகளே நீளும் ஒரு சிறு செபத்தை உதாரணமாகக் காட்டியது. ஆகவே கூறைச்சேலையோடும் மோதிரத்தோடும் போனால் உங்களை வரவேற்க விரும்புகிற குருவானவரின் கையையும் கட்டிப்போடுவீர்கள். சாதாரண நாளொன்றில், சாதாரண உடையில், "எங்களுக்காக ஒருமுறை செபியுங்கோ ஃபாதர்" என்று கேளுங்கள். இது போதாது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் போதாது என்றே தோன்றுகிறது. ஆனால் மறுக்க முடியாத ஒன்றைக் கேட்கும் பலம் அதில் இருக்கிறது.

அங்கிலிக்கன் நண்பர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் 2023 டிசம்பர் மன்றாட்டுகளைக் காட்டுவார்கள். இலங்கைத் திருச்சபைக்குத் தன் சொந்த மறைமாவட்டங்களும் ஆயர்களும் உண்டு, அங்குள்ள முடிவு இங்கே தானாகப் பொருந்தாது. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021இல் ஒருபால் திருமணத்தை ஏற்றது, ஆனால் இங்குள்ள மெதடிஸ்த திருச்சபை தனியானது. பௌத்தத்தில் திருமணம் சமயச் சடங்கே அன்று என்பதால், பிக்குமாருக்குத் தானம் கொடுத்துப் பிரித் ஓதுவிப்பதற்கு விவாகச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. முஸ்லிம் இணையரை எந்த ஆலிமிடமும் அனுப்பி வைக்க எனக்குத் துணிவில்லை. நிக்காஹ் அவர்களுக்கு இங்கே கிடைக்காது, விஷயம் வெளியே தெரிந்தால் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வரும். அவர்கள் தங்கள் பாதுகாப்பையே முதலில் பார்க்க வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது: ஒரே தலைமைப்பீடம் என்று எதுவும் இல்லை. ஒரு கோவில் மறுத்ததால் சமயமே மறுத்ததாகாது. தமிழ்நாட்டில் 2018இல் தூத்துக்குடிக் கோவிலொன்றில் ஒரு திருநங்கையை ஒருவர் மணந்தபோது பதிவாளர் எழுத மறுத்தார். மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்றாலும், கோவில் முந்திக்கொண்டு சட்டம் பின்னால் வந்த கதை அது.

கொழும்பில் இன்று, எவரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடியது அருச்சனை. நுழைவாயிலில் சீட்டு வாங்கும்போது இரண்டு பெயரையும் இரண்டு நட்சத்திரத்தையும் சொல்லுங்கள். "கார்த்திகை, ரோகிணி" என்று குருக்கள் உரக்கச் சொல்லி, ஒரே தட்டில் தேங்காயை உடைத்து, இருவருக்கும் திருநீறு தருவார். என்ன உறவென்று அவர் கேட்க மாட்டார். சித்தப்பாவும் அங்கிளும் ஒவ்வொரு கார்த்திகை விரதத்துக்கும் இப்படித்தான் செய்தார்கள். வீட்டில், நெருங்கிய நாலு பேரின் முன்னால் மாலை மாற்றிக்கொள்வதைக் குற்றமாக்கும் பிரிவும் எதுவும் இல்லை. விவாகப் பதிவாளரிடம் பொய் சொல்லிப் பதிய முயல்வது மட்டும் குற்றம்.

குணப்படுத்துகிறேன் என்று சமயத்தலைவர் எவரேனும் தொடங்கினால், அது பரிகாரமானாலும் பேயோட்டலானாலும் உபவாச செபமானாலும், எழுந்து வந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

வெளிநாட்டு எழுத்து

ஒருபால் திருமணத்தை நெதர்லாந்து 2001இல் தொடங்கியது. கனடா 2005, இங்கிலாந்து 2014, அவுஸ்திரேலியா 2017, தைவான் 2019 என்று வந்து, 2023இல் நேபாளத்தில் முதல் பதிவு நடந்தது, 2025 ஜனவரியில் தாய்லாந்தும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2023 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாங்கொக்கில் பதிந்த திருமணம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போகிறது. இலங்கைச் சொத்துக்கு மேலே சொன்ன ஆவணங்கள் அப்போதும் வேண்டும். புலம்பெயர நினைப்பவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. கனடா ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தவர்களைத் துணைவராக ஏற்கிறது. தங்கள் நாட்டில் மணமுடிக்கவோ சேர்ந்து வாழவோ முடியாதவர்களுக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. அதற்கு வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல், வங்கிக் கூற்று, சேர்ந்து எடுத்த படங்கள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். கோப்பு உங்கள் வீட்டில் மட்டும் இருக்க வேண்டாம்.

சிவில் இணைவு போதுமா, திருமணமே வேண்டுமா என்று இளையவர்கள் என்னிடம் வாதாடுகிறார்கள். டென்மார்க் 1989இல் பதிவுசெய்த இணைவை உலகில் முதன்முதலாக ஏற்படுத்தி, திருமணத்துக்கு வர இருபத்து மூன்று ஆண்டுகள் எடுத்தது. பிரித்தானியா 2005இல் சிவில் இணைவைத் தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் வந்தது. அது பாதிக் கதவு, பாதி மரியாதை. இருந்தாலும் உறுதிகளோடு நாளைக் கழிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பாதிக் கதவு 2016இல் இருந்திருந்தால் அங்கிள் அந்த வீட்டிலேயே இருந்திருப்பார். இலங்கையில் அதற்கும் முன்னால் 365ஐ நீக்க வேண்டும். குற்றவாளி என்று எழுதிய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறெந்தப் புத்தகத்தையும் திறக்க முடியாது.

கோவில் சபைகளிலும் திருச்சபைகளிலும் இருப்பவர்களுக்கு

கோட்பாட்டை மாற்றும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. சித்தப்பா இறந்த மறுநாள், எல்லோரும் தள்ளிப்போன பிறகு, அங்கிள் குருக்களிடம் தான் துடக்குக் காக்க வேண்டுமா என்று கேட்டார். குருக்கள் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "ஒரு வீட்டில ஒரு பானையில சாப்பிட்டனீங்கள்தானே, காத்துக்கொள்ளுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அங்கிள் முப்பத்தொரு நாளும் அந்த வீட்டில் இருந்தார்; எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அவரை எழும்பு என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அதே வீட்டிலிருந்து போன மரண அறிவித்தலில் சகோதரர், மைத்துனர், பெறாமக்கள், மருமக்கள் என்று இருபத்தேழு பெயர்கள் இருந்தன, அங்கிளின் பெயர் இல்லை. நீங்கள் மரண அறிவித்தலை எழுதிக் கொடுக்கிறவராக, தேவாலயத்தில் அதை வாசிக்கிறவராக, கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறவராக இருந்தால், "அன்னாருடன் இல்லம் பகிர்ந்த உற்ற தோழர்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அவருடைய பெயரைச் சேர்த்துவிடுங்கள்.